தரம் என்னும் சொல்

காஞ்சி என்றதும் கோபுரங்களும் பட்டுத் தறிகளும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றுக்குச் சோறிட்ட தொண்டை மண்ணை நாம் அத்துணை எண்ணுவதில்லை. அம்மண் எங்கும் வளமுடையதன்று. செம்மண்ணும் மணலும் விரவிய மேட்டு நிலம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாறு. கிழக்கே உவர் ஏறிய கடற்கரை. இங்கு எந்நிலம் எப்பயிருக்கு ஏற்றது என்பதை முன்னோர் எவ்வாறு துணிந்தனர்?

நீரைக் கொண்டே துணிந்தனர் என்பது வரலாறு தரும் விடை. ஏழாம் நூற்றாண்டில், முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் கூரம் செப்பேடு, பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்னும் கால்வாய் வழியே நீர் பெற்ற பரமேசுவர தடாகத்தைக் குறிக்கிறது. 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகப் போற்றுகிறோம். அவ்வோலையால் அமைந்தவற்றுள் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருந்தன என்பதை மறந்துவிடுகிறோம். ஆயினும், இறை செலுத்தும் கால் வேலி நிலமேனும் உடையவரே அவற்றில் இடம்பெறலாம் என்பது பொதுவிதி. மண்ணை மிதித்தே அறிந்த உழவுக் கூலியாளுக்கு அங்கு இடமில்லை என்பதும் மறைக்கத்தக்கதன்று.

சோழர் நிலத்தை அளந்து தரமிட்டனர். தரம் பெறாத நிலம் 'தரமிலி' எனப்பட்டது. ஆங்கிலேயரும் இச்சொல்லை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் களி, இருவாட்டி, மணல் என மண்ணைப் பிரித்தனர். கடற்கரை மணலைத் தனி வகையாக வைத்தனர். நஞ்சைக்குத் தீர்வை விதிக்கும்போது பாசன ஏரியில் எத்தனை மாதம் நீர் நிற்கும் என்பதையும் கணக்கிட்டனர். அதற்கு முன்பே, 1790களில் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட முனைந்ததை, ஏரிகாத்த இராமர் கதை இன்றும் நினைவூட்டுகிறது.

ஆகவே, தரம் என்பது மண்ணின் தனிப்பண்பு மட்டும் அன்று. மண்ணும் நீரும் மனித உழைப்பும் கூடிய உறவு. ஏரி தூர்ந்தால் ஏட்டில் நஞ்சையென நிற்கும் நிலம் கண்முன்னே புஞ்சையாகிறது. கடலோரத்தில் நன்னீரை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் உட்புகுகிறது; முன்பு நெல் விளைந்த வயலிலும் பயிர் கருகுகிறது. மண்வள அட்டை களர், உவர் நிலையைக் காட்டும். ஏரியைக் காப்பது அவ்வட்டையால் ஆகாது.

மருதம், நெய்தல் என நிலத்தின் இயல்பறிந்து பாடிய மரபினர் நாம். மருதத்தைப் பாடும் கவிஞர், தம் ஊர் ஏரியில் இவ்வாண்டு நீர் நிற்கிறதா என்று ஒருமுறை கரையேறிப் பார்த்துவிட்டுப் பாடுதல் நன்று.