'இங்கே வா'வும் 'அன்பான நேயர்களே'யும்

மலேசியத் தமிழ் வானொலியின் பழைய அறிவிப்பாளர்களைப் பற்றி எழுத ஒரு புத்தகத்தின் பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் அச்சான கையடக்கப் புத்தகம் அது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்திறங்கும் சின்னத்துரைகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தமிழ் பழகுவதற்காகப் போட்டது. தலைப்பு, 'இங்கே வா'. ஒரு மொழிக்குள் நுழைகிறவனுக்கு முதலில் வேண்டியது வணக்கம் இல்லை, நன்றி இல்லை, 'இங்கே வா'தான் என்று முடிவு செய்த பதிப்பாளரின் நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய 'கூலித் தமிழ்' என்ற புத்தகமும் அதே வம்சம். மலாயாவில் துரைமார்களின் சங்கம் தமிழுக்குத் தேர்வே வைத்தது. துரைமார் தமிழ் படித்தார்கள், பேசவும் செய்தார்கள். என்ன, அந்தத் தமிழில் வினைச்சொல் எல்லாமே ஏவல்தான். வா, போ, எடு, வெட்டு, சீக்கிரம்.

நம் தாத்தா பாட்டிகளுக்கு வானொலிக் குரல்கள் மேல் இருந்த பிரியத்தை, 'அப்ப டிவி இல்ல, வேற பொழுதுபோக்கு இல்ல, அதான்' என்று ஒரே வரியில் கடந்துவிடுவது நம் வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பொழுதுபோக்கு இல்லாதவர்கள் பாட்டைத்தானே விரும்பியிருக்க வேண்டும்? பாட்டுக்கு நடுவில் பேசியவரை ஏன் சொந்தக்காரர் மாதிரி நினைத்தார்கள்?

எங்கள் பக்கத்தை வைத்தே பார்க்கலாம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் சடக்கு பேராக் எல்லையைத் தாண்டி பகாங்குக்குள் நுழைந்ததும் வரும் முதல் பட்டணம் ரிங்லெட். அங்கிருந்து ஹாபு பக்கம் போனால் போ தேயிலைத் தோட்டம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது. அவருக்குத் தேயிலை தெரியாது, தேயிலை தெரிந்த ஏ. பி. மில்ன் என்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். மில்ன் இலங்கையில் தேயிலை போட்டுப் பழகியவர். அங்கிருந்து நாற்றும் தொழிலும் மட்டும் வந்திருக்காது, துரைத் தமிழும் சேர்ந்துதான் மலையேறியிருக்கும் என்பது என் ஊகம். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டிச் சரிவில் கன்று நட்டவர்கள், கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு மலைச்சரிவு, சாயங்காலம் லயம். இந்த வட்டத்துக்குள் ஒருவர் ஒரு நாளில் கேட்கும் தமிழில், தனக்கு மேலே இருப்பவரிடமிருந்து வருவது எல்லாம் கங்காணியின் அதட்டலோ கிராணியின் கணக்கோ துரையின் ஏவலோதான். கோயிலில் கேட்கும் தமிழ் வேறு. அது சாமியிடம் பேசுவது.

வானொலி இதற்குள் நல்ல எண்ணத்தோடு நுழையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரின் கேத்தே கட்டடத்தில் ஜப்பானியரின் ஒலிபரப்புத் துறை இருந்தது. 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி தற்காலிக சுதந்திர அரசை அறிவித்ததும் அதே கட்டடத்தில்தான். போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்து 1946 ஏப்ரலில் மலாயா வானொலியைத் தொடங்கியபோது அதுவும் அங்கேதான் குடியேறியது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிக்கும் நேரம் பங்கு போட்டார்கள். தமிழுக்குக் கிடைத்தது சில மணி நேரம்.

1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டோரத்தில் தோட்டங்கள். அரசாங்கத்துக்கு அப்போதுதான் வானொலியின் அருமை முழுசாகப் புரிந்தது. பிபிசியிலிருந்து ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் வந்து பிரசார வேலையைப் பொறுப்பேற்றார். (நாவலாசிரியர் கிரகாம் கிரீனின் தம்பி. பின்னாளில் பிபிசிக்கே தலைவரானார்.) சீனக் குடியானவர்களைப் பிடித்துக் கொண்டுவந்து முள்கம்பிக்குள் வைத்த புதுக்கிராமங்களிலும், தோட்ட லயங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. ஒரு பெட்டி, ஒரு ஒலிபெருக்கி, சுற்றி உட்கார ஒரு திடல். தமிழ் அறிவிப்பாளர் முதன்முதலில் பல தோட்டங்களுக்குள் போனது அந்தப் பெட்டி வழியாகத்தான். காட்டிலிருப்பவனுக்குச் சோறு கொடுக்காதே, சரணடைந்தால் மன்னிப்பு உண்டு என்று சொல்வதற்கு.

ஆனால் அதே செய்தியைச் சொல்லும்போதும் அவர் 'அன்பான நேயர்களே' என்று ஆரம்பித்தார். அரசாங்கம் இதை யோசித்துச் செய்திருக்குமா என்று தெரியவில்லை, ஒலிபரப்பு மரபே அப்படி. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. கிராணியா, கொழுந்து கிள்ளுகிறவளா, சிங்கப்பூர் வணிகரா? தெரியாத ஆளிடம் தமிழன் மரியாதைப் பன்மையில்தான் பேசுவான். அதனால், வாழ்நாள் முழுக்க 'வா, போ' கேட்டுப் பழகிய காதுக்கு 'கேளுங்கள்', 'காத்திருங்கள்', 'விடைபெறுகிறேன்' என்ற சொற்கள் வந்து சேர்ந்தன. படித்த, திருத்தமான, கோட்டுப் போட்ட தமிழ் ஒன்று தன்னிடம் விடைபெற்றுக்கொண்டு போகிறது! ரிங்லெட் பக்கம் கொழுந்து கிள்ளிய எங்கள் பாட்டிக்கு எந்த அறிவிப்பாளரின் பெயரும் நினைவில் இல்லை. 'மரியாதியான புள்ளைங்க' என்பார், அவ்வளவுதான். நான் பாட்டு, நாடகம் என்று என்னென்னவோ கேட்டும் அவர் திரும்பத் திரும்ப அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தார்.

அந்தக் காலத்துத் தமிழ்ச் சூழலும் இதற்கு உதவியது. கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். 1954இல் பெரியார் இரண்டாவது முறையாக மலாயா வந்து போனார். நல்ல தமிழ் பேசுவது தன்மானத்தின் ஒரு பகுதியாக மாறிக்கொண்டிருந்த நேரம். செய்தித்தாளுக்கு எழுத்து தெரிய வேண்டும். வானொலிக்குக் காது போதும்.

பெட்டி பொதுவிலிருந்து வீட்டுக்கு வர இன்னும் சில காலம் ஆனது. வால்வு ரேடியோ விலை அதிகம், மின்சாரம் தின்னும், வருஷா வருஷம் உரிமம் எடுக்க வேண்டும். மின்சாரமே இல்லாத லயங்கள் நிறைய. டிரான்சிஸ்டர் வந்தபிறகுதான் ஒரு குடும்பம் தனக்கென்று ஒரு குரலை வைத்துக்கொள்ள முடிந்தது. மலையில் அதுவும் லேசில்லை. பகலில் வானத்தின் கீழடுக்கு ஒன்று மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும். இருட்டியதும் அந்த அடுக்கு கலைந்து, அலை இன்னும் மேலே போய்ப் பட்டுத் தெறித்துத் திரும்பும். அதனால்தான் பகலில் கரகரத்த பெட்டி ராத்திரியில் தெளிந்தது. நம் ஆட்கள் அதற்குப் பனியைக் காரணம் சொன்னார்கள்.

மைக்குக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யார்? இலக்கிய வாசகர்களுக்கு ஒரு பெயராவது தெரிந்திருக்கும், ரெ. கார்த்திகேசு. 1940இல் கெடாவின் பீடோங்கில் பிறந்தவர். அறுபதுகளின் தொடக்கத்தில் வானொலியில் சேர்ந்தார். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தபோது அதில் தமிழ்ச் செய்தி வாசித்த முதல் முகங்களில் ஒருவர். எழுபதுகளின் நடுவில் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்துக்குப் போய் மக்கள் தகவல் துறைப் பேராசிரியரானார். நாம் அவரை 'வானத்து வேலிகள்', 'அந்திம காலம்' நாவல்களுக்காக வாசிக்கிறோம். தோட்டத்தில் அவரைக் கேட்டவர்களுக்கு நாவலைப் பற்றித் தெரிந்திருக்க அவசியமில்லை. அவருடைய அண்ணன் ரெ. சண்முகமும் வானொலிக்காரர். பாடுவார், நடிப்பார், நாடகம் எழுதுவார். வானொலி அன்று எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுத்த அபூர்வமான இடமாகவும் இருந்தது. சிங்கப்பூர்ப் பக்கம் பி. கிருஷ்ணன், அதாவது புதுமைதாசன், வானொலியில் வேலை பார்த்துக்கொண்டே 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' எழுதினார். அடுக்குமாடிக்குக் குடிபோன தமிழர்களின் பேச்சும் சண்டையும்தான் நாடகம். புதுமைப்பித்தனுக்குத் தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவர் வாரா வாரம் வானொலிக்கு நகைச்சுவை எழுதினார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.

இதே காலத்தில் இலங்கை வானொலி வேறு வழியில் போனது. 1950இல் அங்கே வர்த்தக சேவை வந்தது. 1952க்குப் பிறகு ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைக்க, தமிழ்நாட்டு நேயர்களும் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் எல்லாம் நட்சத்திரங்கள் ஆனார்கள். ராஜாவின் வேகம் அலாதி. 1989இல் அவரைக் கொன்றுவிட்டார்கள், இன்றும் தமிழ்நாட்டில் அவரைப்போல் பேசிக்காட்ட ஆள் உண்டு. நம்முடையவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்கள். அந்த மினுக்கம் அவர்களிடம் இல்லை. ஒருவர் போல ஒருவர் பேசினார்கள் என்றுகூடச் சொல்லலாம். பாட்டிக்குப் பெயர் நினைவில்லாமல் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

உத்தியோகஸ்தர் என்றால் அரசாங்கம் கொடுத்ததை வாசிக்க வேண்டும். 1969ஐ ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் இறுகியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். பிறந்த ஊரே இதுதான் என்றிருந்தவர்களும் அதில் உண்டு. அந்த மாதங்களில் செய்தி நேரம் வந்தால் லயத்தில் பேச்சு நின்றுவிடும் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போதும் அதே கனிவு, அதே பன்மை. ஏவுகிற தமிழை எதிர்த்து முணுமுணுக்கவாவது முடியும். இவ்வளவு மரியாதையாக வரும் செய்தியை என்ன செய்வது? பழைய வானொலியைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வானொலி தோட்டத்து ஆட்களிடம் மரியாதையாகப் பேசியது, ஆனால் தோட்டத்து ஆட்களைப் போல ஒருநாளும் பேசவில்லை. பெரட்டு, சடக்கு, பசார், வெள்ளி என்ற சொற்கள் செய்திக்குள் ஏறாது. ஏறினால் நாடகத்தில், அதுவும் சிரிக்கவைக்க வரும் பாத்திரத்தின் வாயில் ஏறும். நம் பேச்சு நமக்கே வேடிக்கையானது. 'நல்ல தமிழ் பேசத் தெரியாதுங்க' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேச ஆரம்பிக்கும் பெரியவர்களை இன்றும் ரிங்லெட்டில் பார்க்கலாம். அந்தக் கூச்சத்தில் வானொலிக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அதனால் இன்றைய பண்பலையைத் திட்டுவதில் எனக்கு உற்சாகம் இல்லை. அரசு வானொலியின் தமிழ்ப் பிரிவு ரேடியோ 6 என்றாகி, 2005இல் மின்னல் எப்.எம். ஆனது. 1994இல் வந்த டைம் ஹைவே ரேடியோ கைமாறி, டி.எச்.ஆர். ராகாவாகி, இப்போது வெறும் ராகா. பண்பலை மத்திய அலை மாதிரி வானத்தில் பட்டுத் திரும்பாது, நேர்கோட்டில்தான் போகும். குறுக்கே ஒரு குன்று நின்றால் முடிந்தது. மலைக்கு மேல் அதைக் கொண்டுவரக் கோபுரமும் மலையுச்சியில்தான் நிற்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் பிரிஞ்சாங் உச்சியில் நிற்கும் கோபுரத்தை டூரிஸ்டுகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். 'கலக்கல் காலை'யில் பேசுகிறவர்கள் நம் கிளாஸ்மேட் மாதிரி பேசுகிறார்கள். மலாயும் ஆங்கிலமும் கலந்து, 'லா' போட்டு, நம்மைக் கேலி செய்து. பாட்டி இதைக் கேட்டு முகம் சுளித்தார். அம்மா சமையலறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் வானத்திலிருந்து தன்னை மதிக்கிறார் என்பது ஒரு தலைமுறைக்கு வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டியிருந்தது. பாட்டியின் ருசியை வைத்து அம்மாவின் சிரிப்பைக் குறை சொல்ல முடியாது.

வருத்தப்பட வேண்டிய விஷயம் வேறு. வானொலி காற்றோடு போகும் தொழில். நாடா விலை கூடுதல் என்பதால் பதிந்ததன் மேலேயே மறுபடி பதிவது உலகமெங்கும் நடந்தது, பிபிசியே அழித்திருக்கிறது. அண்ணாசாமியை இன்று நாம் படிக்க முடிவதற்குக் காரணம் அவர் எழுத்தில் இருந்து, பிறகு புத்தகமும் ஆனார் என்பதுதான். 'அடுத்து வருவது' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தியவர், செய்தி முடிந்ததும் நேரம் சொன்னவர், இவர்களுக்குப் பிரதி கிடையாது. கேட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்களோ 'என்ன பேசினாங்கன்னு ஞாபகம் இல்லையா, நல்லா பேசுவாங்க' என்கிறார்கள். 'எப்படி நல்லா?' என்று விடாமல் கேட்டால் சிலர் குரலை மாற்றி, முதுகை நிமிர்த்தி, ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிக் காட்டுகிறார்கள். எல்லாரும் சொல்லிக்காட்டுவது 'நேயர்களே'வைத்தான்.

இப்போது ரிங்லெட் சரிவுகளில் தேயிலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். தோட்டத்தில் வேலை வாங்கும் மொழி மலாய், அதில் 'இங்கே வா'வுக்கு 'மாரி சினி'. வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவில் சிலர் காதில் கம்பி மாட்டியிருக்கிறார்கள். டாக்காவிலோ காத்மாண்டுவிலோ இருந்து யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்.