மெதுவாகப் போகச் சொன்ன விளக்கு

கார் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்குகள் பெரும்பாலும் படமாகத்தான் பேசும். ஆயிலுக்கு ஒரு குவளை, பேட்டரிக்கு ஒரு பெட்டி. ஆனால் 1980களிலும் 90களிலும் இத்தாலியின் மரனெல்லோவிலிருந்து வந்த சில ஃபெராரிகளில் ஒரு விளக்கு வாய்விட்டே பேசியது. ‘ஸ்லோ டவுன்.’ இரண்டே சொற்கள். வேகத்துக்காகவே பிறந்த வண்டி, ஓட்டுகிறவரைப் பார்த்து ‘கொஞ்சம் மெதுவா போப்பா’ என்கிறது.

இந்த விளக்குக்குக் கெட்ட பேர் உண்டு. 1989இல் வந்த ஃபெராரி 348, அதற்குப் பின் 1994இல் வந்த எஃப்355 ஆகிய இரண்டிலும் இது அடிக்கடி காரணமில்லாமல் எரியும். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் போயே போச்சு. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அன்றைக்கு முழுக்க எரியவே எரியாது. பல்வலி டாக்டர் வீட்டு வாசலோடு நின்றுவிடுமே, அதே கதை.

ஒரு எச்சரிக்கை நூறு முறை பொய் சொன்னால், நூற்றியோராவது முறை அதை என்ன செய்வது? ‘புலி வருது’ கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆனால் அந்தக் கதையில் எல்லாரும் பையனைத்தான் திட்டுகிறார்கள். அவன் ஏன் கத்தினான் என்று யாரும் விசாரிப்பதில்லை. இந்த விளக்கு ஏன் கத்துகிறது என்று விசாரிக்கப் போனால், ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

புகையில் தொடங்கியது

முதலில் விளக்கு எதற்கு வந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் கண்ணை எரிக்கும் ஒரு புகைமூட்டம் கவிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மித் என்ற டச்சு வேதியியலாளர்தான் 1950களின் தொடக்கத்தில் விடையைச் சொன்னார். காரின் சைலன்சர் வழியாக வெளியேறும் எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் சேர்ந்து ஓசோனை உண்டாக்குகின்றன. குற்றவாளி கார்தான்.

அந்தப் புகைக்கு மருந்து தேடியவர்களில் ஒருவர் யூஜீன் ஹூட்ரி. பிரெஞ்சுக்காரர், கார் பந்தயப் பிரியர். பெட்ரோல் தயாரிப்பில் வினையூக்கிகளைப் பயன்படுத்திப் பேர் பெற்ற அவரே, அந்தப் பெட்ரோல் எரிந்து வரும் புகையைச் சுத்தப்படுத்த ஒரு வினையூக்கிக் கருவியையும் வடிவமைத்தார். ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் பட்டால் வினையூக்கி செத்துவிடும். ஹூட்ரி 1962இல் இறந்தார். அவருடைய யோசனை காத்திருக்கவேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. 1975ஆம் ஆண்டின் புதிய அமெரிக்கக் கார்கள் பெரும்பாலானவற்றில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்தப்பட்டது. நம் ஊருக்கு அது 1995இல் வந்தது. சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

கன்வெர்ட்டர் என்பது ஒரு தகரக் கூட்டுக்குள் வைத்த செராமிக் தேன்கூடு. அதன் கண்ணறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லியதாகப் பூசியிருக்கும். சூடாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சாதாரணம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், இன்ஜினில் எரியாமல் தப்பிய பெட்ரோல் வந்தால் அது கன்வெர்ட்டருக்குள்ளேயே எரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எரியவேண்டும். ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் வேலை நிறுத்தினால், விநாடிக்கு 50 வாய் பெட்ரோல் எரியாமல் கன்வெர்ட்டருக்குப் போகிறது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் ‘வண்டி மிஸ்ஸிங் ஆகுது’ என்பார்களே, அதுதான். மிஸ்ஸிங் நீடித்தால் கன்வெர்ட்டர் செந்தணலாகிவிடும். 1000 டிகிரியைத் தாண்டினால் உள்ளிருக்கும் தேன்கூடு கெட ஆரம்பிக்கும். மேலும் ஏறினால் செராமிக்கே உருகும். காய்ந்த புல்மேல் நிறுத்திய கார்கள் தீ மூட்டிய சம்பவங்கள் அமெரிக்காவில் அப்போதே கவலையாகின. ஜப்பானில் விற்ற பல கார்களில் எக்ஸாஸ்ட் சூட்டுக்கென்றே தனி விளக்கு வைத்தார்கள்.

ஃபெராரியில் ஆபத்து இன்னும் நெருக்கத்தில் இருக்கிறது. ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால்தான் இன்ஜின். பெட்ரோல் குழாய், ஆயில், ரப்பர், வயரிங் எல்லாம் அதே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அங்கே ஒரு செந்தணல் உருவானால் ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அதனால்தான் விளக்கு.

ஊசியைத் தப்பாகப் படித்தவர்

ஆயிரம் டிகிரி சூட்டை எப்படி அளப்பது? பாதரசமும் கண்ணாடியும் அங்கே தாங்காது. அதற்குக் கைகொடுத்தது 1821இல் பெர்லினில் நடந்த ஒரு சோதனை.

தாமஸ் யோஹான் சீபெக் செம்பையும் பிஸ்மத்தையும் இரு முனைகளிலும் இணைத்து ஒரு வளையமாக்கினார். ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கியபோது, பக்கத்திலிருந்த திசைகாட்டியின் ஊசி திரும்பியது. சூடு காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் முடிவு செய்தார். பூமியின் காந்தப்புலத்துக்கும் துருவம், நிலநடுக்கோடு இவற்றின் வெப்ப வேறுபாடுதான் காரணம் என்றுகூட யோசித்தார். உண்மையில் சூடு மின்னோட்டத்தை உண்டாக்கியது, மின்னோட்டம்தான் ஊசியைத் திருப்பியது. அதைப் புரிந்துகொண்டு ‘வெப்ப மின்சாரம்’ என்று பெயர் வைத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட்.

சீபெக்கின் ஊசி பொய் சொல்லவில்லை. அது எதைச் சொல்கிறது என்பதைத்தான் அவர் தப்பாக எடுத்துக்கொண்டார். தெர்மோகப்பிள் என்று நாம் இன்று அழைக்கும் கருவியின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தெர்மோகப்பிள் என்பது வேறு பெரிய விஷயமில்லை, இரண்டு உலோகக் கம்பிகளின் நுனியை ஒட்டவைத்தது. இந்த மாதிரி வேலைக்குப் பரவலாகப் பயன்படும் கே வகைக் கம்பியில், ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் உண்டாகும். 900 டிகிரியில் மொத்தமே சுமார் 37 மில்லிவோல்ட்தான். ஒரு சாதாரண டார்ச் செல்லின் நாற்பதில் ஒரு பங்கு. இந்த முணுமுணுப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி தேவை. ஒரேயொரு மில்லிவோல்ட் பிசகினால் 25 டிகிரி பிசகும்.

இன்னொன்றும் இருக்கிறது. தெர்மோகப்பிள் சூட்டை நேரடியாகச் சொல்வதில்லை. சூடான நுனிக்கும் மறுமுனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்லும். மறுமுனை எவ்வளவு சூடு என்று பெட்டிக்குத் தனியாகத் தெரிந்திருக்கவேண்டும். அந்தப் பெட்டியே பல ஆண்டுகள் இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தால்? உள்ளேயிருக்கும் சாலிடர் விரிசல் விடும், உதிரிகள் மூப்படையும். சூட்டை அளக்க வைத்த பெட்டி சூட்டாலேயே கெடுகிறது. 348, எஃப்355 வண்டிகளில் பொய் எச்சரிக்கைக்கு அதிகம் பழி சுமக்கும் உதிரி இந்தச் சின்னப் பெட்டிதான்.

இடது வலது

சரி, வண்டி வந்து நிற்கிறது, விளக்கு எப்போதாவது எரிகிறது. என்ன பண்றது?

நல்ல மெக்கானிக் முதலில் ‘இது பொய்’ என்று தொடங்குவதில்லை. உண்மை என்று வைத்துக்கொண்டே தொடங்குவார். ஒரு பக்கத்து சிலிண்டர்களில் மிஸ்ஸிங் இருக்கிறதா? இக்னிஷன் காயில் சூடேறிய பிறகு மட்டும் தடுமாறுகிறதா? எஃப்355இன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விடுவதற்குப் பேர்போனது. விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துவிடும். ‘பெட்ரோல் பத்தவில்லை’ என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் மேலும் பெட்ரோலை ஊற்றும், கன்வெர்ட்டர் நிஜமாகவே கொதிக்கும். அங்கே விளக்கு சொல்வது முழு உண்மை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்து இரண்டு பக்கக் கன்வெர்ட்டர்களையும் அளந்து ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீரும்.

மீதிச் சந்தேகத்தைத் தீர்க்க அந்த வண்டியின் அமைப்பே உதவுகிறது. எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நான்கு. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி கன்வெர்ட்டர், தனி தெர்மோகப்பிள், தனிப் பெட்டி, தனி விளக்கு. ஆகவே இடது பெட்டியை வலது பக்கமும், வலது பெட்டியை இடது பக்கமும் மாற்றிப் பொருத்துவார்கள். பிறகு வண்டியை ஓட்டவேண்டும், காத்திருக்கவேண்டும். தொல்லை பெட்டியோடு சேர்ந்து பக்கம் மாறினால் குற்றவாளி பெட்டி. மாறாமல் பழைய பக்கத்திலேயே நின்றால் தெர்மோகப்பிள், கனெக்டர், எர்த், இல்லையென்றால் நிஜச் சூடு. கணினி வேண்டாம், விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. எந்த விளக்கு, எத்தனை நிமிட ஓட்டத்துக்குப் பிறகு, மழையா வெயிலா, மேடா சமதளமா. விட்டுவிட்டு வரும் கோளாறு மெக்கானிக்கின் கண்ணுக்குத் தப்பலாம், நோட்டுப் புத்தகத்துக்குத் தப்பாது.

கனெக்டர்களையும் விட்டுவிடக்கூடாது. பச்சை பூத்த ஒரு பின், வண்டி குலுங்கும்போது ஒரு கணம் தொடர்பை விட்டால் போதும். தெர்மோகப்பிள் கருவிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கம்பி அறுந்தால் ‘சூடு உச்சம்’ என்று காட்டும்படி அமைப்பது. அறுந்த கம்பி சும்மா இருப்பதைவிடக் கத்துவது மேல் என்ற எண்ணம் அது. ஆனால் அறுவதற்குப் பதிலாக இரண்டு கம்பிகளும் வழியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், அந்தத் தொடும் இடத்தின் சூட்டைத்தான் பெட்டி படிக்கும். பின்னால் கன்வெர்ட்டர் தணலாய்க் கொதித்தாலும் விளக்கு சாதுவாக அணைந்தே கிடக்கும். வீண் கூச்சலைவிட இந்த மௌனம்தான் பயங்கரம்.

பல்பைப் பிடுங்கினால்

இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் இருக்காது. ‘அது சும்மா எரியும், கண்டுக்காதீங்க’ என்று விற்பவர் வாங்குபவரிடம் சொல்லிவிடுவார். பல்பைக் கழற்றிவிடுவது உண்டு. பெட்டியை ஏமாற்ற ஏதாவது ஒட்டுவேலை செய்வதும் உண்டு. அதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. இந்த எச்சரிக்கை வெறும் விளக்கோடு நிற்பதில்லை. முதலில் மினுங்கும், பிறகு நிலையாக எரியும், அதற்கும் மேல் அந்தப் பக்கத்து நான்கு சிலிண்டர்களையே நிறுத்திவிடும். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் திடீரென்று பாதி இன்ஜின் போய்விட்டால், அந்தப் பொய் எச்சரிக்கையே ஆபத்து. பல்பைப் பிடுங்கியவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது. அவருக்கு முன்னால் இருந்த கருவி அவருடைய நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது.

ஆனால் பிடுங்கியதோடு கணக்கு முடிவதில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டுகள் போகப்போகக் கை மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது உரிமையாளர் பிடுங்கிய பல்பு ஐந்தாவது உரிமையாளருக்குத் தெரியாது. அவர் டேஷ்போர்டைப் பார்க்கிறார். எந்த விளக்கும் எரியவில்லை. எல்லாம் சுகம் என்று நினைத்து மிதிக்கிறார்.

90களின் பிற்பாதியில் இந்த வேலையில் மென்பொருளும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி-2 முறையில், கிராங்க் தண்டின் சுழற்சியில் வரும் சின்னத் தடுமாற்றத்தை வைத்தே கம்ப்யூட்டர் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. நெருப்பை அளப்பதற்குப் பதிலாக நெருப்புக்குக் காரணமானதைக் கவனிக்கிறது.

சொல் வேறாக இருக்கலாம், சேதி அதேதான். அந்த முறையைப் பின்பற்றும் கார்களில் மஞ்சள் நிற ‘செக் இன்ஜின்’ விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் காட்டு என்று பொருள். மினுங்கினால் பொருள் வேறு. எரியாத பெட்ரோல் இந்த நிமிடமே கன்வெர்ட்டரைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறது, காலை எடு, மெதுவாகப் போ. இந்த வித்தியாசம் தெரியாமல் ‘எப்பவும் எரியிறதுதானே’ என்று ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் நம் தெருவிலும் இருக்கலாம்.