மொந்தேன் கண்ட கட்டுரை

முன்னுரையும் முடிவுரையும் இன்றிக் கட்டுரை இல்லை என்று கதிர்காமத்து மாணவர்க்கும் கற்பிக்கிறோம். அவ்விலக்கியத்தைத் தோற்றுவித்த பிரெஞ்சு அறிஞர் மொந்தேன் இதற்கு உடன்படார். 1533இல் பிறந்த அவருக்குத் தந்தையார் முதலில் பயிற்றியது இலத்தீன். கற்றோர் மொழியும் அதுவே. எனினும், நீதிமன்றப் பதவியை விடுத்து, 1571 முதல் கோபுர நூலகத்தில் அமர்ந்து அவர் எழுதியது தாய்நாட்டுப் பிரெஞ்சில். 1580இல் வெளியிட்ட நூலுக்கு ‘எஸ்ஸே’ என்று பெயரிட்டார். ‘முயன்று பார்த்தல்’ என்பது பொருள். மரணத்தை ஆராய்ந்தவர், தம் கல்லடைப்பு நோயையும் தம்மோடு விளையாடும் பூனையையும் விட்டுவைக்கவில்லை! 1588இல் அச்சான படியின் ஓரங்களிலும், 1592இல் மறையும்வரை, சேர்த்தெழுதிக்கொண்டே இருந்தார்.

நம் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பு தத்துவம் அன்று, வாணிகமும் அரசியலுமே. ஆயினும், புலவர் நடையை நாடாமல், ஊரார் பேசிய தமிழிலேயே அதனை எழுதினார். அத்துணிவில் இருவரும் உறவினர். அந்நாட்குறிப்பு 1846இல்தான் கண்டெடுக்கப்பட்டது.