எண்ணெய்த் திருகின் அடியில் ஒரு வளையம்

மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அடிவயிற்றில் ஒரு திருகு உண்டு. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றும்பொழுது மட்டுமே அதனைக் கழற்றுவர். டிரெயின் பிளக் என்பது அதன் வழக்குப் பெயர். நாம் வடிதிருகு என்று சொல்லிக்கொள்வோம். அத்திருகின் தலைக்கும் எஞ்சின் கூட்டிற்கும் நடுவே, பழைய 25 பைசா நாணயத்தின் அகலத்தில், மெல்லிய வளையமொன்று கிடக்கிறது. வாஷர் என்றால் எம்மாநிலத்து மெக்கானிக்கும் புரிந்துகொள்வார். ஹைதராபாத்தின் கோஷாமஹாலிலும் செகந்தராபாத்தின் ராணிகஞ்சிலும் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் சில ரூபாய்க்கு அது கிடைக்கிறது. இத்துணைச் சிறு பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நேயர்கள் வினவலாம். உண்டு, அதில் தமிழ்நாட்டு வண்டிகளுக்கும் பங்கு உண்டு.

முதலில் வளையத்தின் வேலை இன்னதென்று அறிதல் வேண்டும். கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரும்பின் முகத்திலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் நிறைந்திருக்கின்றன. கடினமான இரண்டு உலோகங்களை எவ்வளவு இறுக்கினாலும் அப்பள்ளங்களின் வழியே சூடான எண்ணெய் கசிந்துவிடும். நடுவே மென்மையான வளையத்தை வைத்தால், இறுக்கும்பொழுது அது நசுங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. விட்டுக்கொடுப்பதே அதன் தொழில். ஆனால் ஒருமுறை நசுங்கிய உலோகம் இறுகிக் கடினப்பட்டுவிடும்; மறுமுறை அதே அளவு விசைக்கு அது நசுங்காது.

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். அதன் இரட்டை நகரமான செகந்தராபாத் தமிழருக்குப் புதிய ஊரன்று. 1798-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் நிஜாமின் ராஜ்யத்தில் தங்கிய ஆங்கிலேயப் படையில் சென்னைப் படைப் பிரிவுகள் இருந்தன; படையைத் தொடர்ந்து வணிகரும் ஒப்பந்தக்காரரும் வந்தனர். பத்மாராவ் நகர் இன்றும் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1893-இல் லாலாகூடாவில் ரயில்வே பட்டறை அமைந்தது. 1932 ஜூன் மாதத்தில் நிஜாம் அரசு ரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளோடும் 166 ஊழியர்களோடும் தொடங்கிற்று. ரயில் பட்டறைக்கு அடுத்தபடியாக மோட்டார் பட்டறையும் அந்நகரில் வேரூன்றியது. அங்கே தலைமை மெக்கானிக்கை உஸ்தாத் என்பர்; நூல் படித்தன்று, உஸ்தாதின் கையைப் பார்த்தே சிறுவர்கள் தொழில் கற்றனர். இந்த ஒரு செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் வேண்டியிருக்கும்.

1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு கூடி, எதிர்நீச்சலில் இறங்கியது போல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. இராணுவத்தின் தேவையே அதற்குத் தூண்டுகோல். பிறகு புல்லட் வண்டிகள் நாடெங்கும் சென்றன. நம்மைப் போலவே அவையும் சென்னையிலிருந்து புறப்பட்டு வெளிமாநிலங்களில் குடியேறியவை. பழைய புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி தனியே தொங்குவதில்லை. எஞ்சின் கூட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். கியர்ப்பெட்டிக்கு வேறு எண்ணெய், முன்சங்கிலிக் கூட்டுக்கு வேறு எண்ணெய். ஆகவே ஒரே வண்டியில் கழற்றிப் பூட்ட வேண்டிய இடங்கள் பல. அவ்விடங்களில் செப்பு வளையமோ, அழுத்திய நார் வளையமோ இடுவது அக்கால வழக்கம்.

அக்காலம் தட்டுப்பாட்டுக் காலமுமாகும். 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடியும் முற்றியது. உதிரிப்பாகம் எதுவாயினும் வீசி எறிய மனம் வாராது. நாட்டின் பிற பட்டறைகளைப் போலவே ஹைதராபாத் பட்டறைகளிலும் கைக்கொண்ட உபாயம் எளிமையானது. பழைய செப்பு வளையத்தைக் கம்பியில் கோத்து, அடுப்பின் சுடரில் மங்கிய செந்நிறம் ஏறும்வரை காட்டி, தண்ணீரில் போடுவர். செம்பு மீண்டும் இளகிப் புது வளையம் போலாகிவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. பழுக்கக் காய்ந்த எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகும் என்பதை எந்தக் கொல்லரும் அறிவார். செம்போ அவ்வாறன்று. சூடேறும்பொழுதே அதன் உள்ளமைப்பு புதிதாகி மென்மை வந்துவிடுகிறது. தண்ணீர் அதனைக் குளிர்விப்பதோடு மேலே படிந்த கருஞ்செதிலையும் உதிர்த்துவிடுகிறது, அவ்வளவே. நம் கன்னார் இதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். செப்புக்குடம் அடிக்கும்பொழுது, சுத்தியலடியில் தகடு இறுகியதும் உலையில் காட்டி இளக்கிக்கொண்டு மேலே அடிப்பார்கள்; இல்லையேல் தகடு வெடித்துவிடும். ஆக, பழைய வளையத்தையே திரும்ப இட்ட மெக்கானிக்கைக் கஞ்சன் என்று ஏசுதல் தகாது. அவர் செய்தது முறையான வேலை.

வண்டி மாறியது. 1970-களில் ஆந்திரப் பிரதேச அரசின் ஸ்கூட்டர் நிறுவனம், லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவோடு தொடர்பு கொண்டு, புஷ்பக் என்னும் ஸ்கூட்டரை வெளியிட்டது. 1942-இல் நிறுவப்பெற்ற ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலையின் பெயரோடும் அது பின்னர் ஓடியது. 1984-இல் ஹீரோ ஹோண்டா நிறுவனம் தோன்றியது. மறு ஆண்டே அதன் 100 சி.சி. வண்டி தெருவுக்கு வந்தது. ஒரு லிட்டருக்கு உட்பட்ட எண்ணெயில் ஓடும் இச்சிறு எஞ்சின்களில் வடிதிருகுக்கு அலுமினிய வளையம் வந்தது. மலிவானது, மிக மென்மையானது, ஒரே முறை பயன்படுத்துவதற்கென்றே அமைந்தது.

வளையம் மாறியது, கை மாறவில்லை. உஸ்தாதின் கையைப் பார்த்துக் கற்ற சீடன், பழையதை எடுத்துத் துடைத்துத் திரும்ப இடும் வழக்கத்தை மட்டும் கொண்டான். தீயில் காட்டுவதை விட்டுவிட்டான். காட்டினாலும் பயனில்லை. செம்பு உருகுவதற்கு 1085 பாகை வெப்பம் வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். பகல் வெளிச்சத்தில் சிவப்பு ஏறியதும் தெரியாது. நிறம் பார்த்து வேலை செய்து பழகியவரின் கண்முன்னே வளையம் திடீரென்று துளியாகிச் சொட்டிவிடும்.

கேடு மெதுவாக வருகிறது. இறுகிப்போன வளையத்தை மீண்டும் இட்டால் ஒரு துளி கசியும். கசிவைக் கண்டவுடன் மெக்கானிக் திருகை மேலும் முறுக்குகிறார். திருகு எஃகு, கூடு அலுமினியக் கலவை. இருவரில் தோற்பவர் யார் என்று சொல்ல வேண்டுவதில்லை. கூட்டின் மரை உரிந்துவிடுகிறது. ‘மரை கழன்றவன்’ என்று தமிழில் பித்தனைச் சொல்வதுண்டு. மரை கழன்ற எஞ்சினும் ஏறத்தாழ அந்நிலைதான். பெரிய மரை வெட்டித் தடித்த திருகு இடலாம், கம்பிச்சுருள் மரை பொருத்தலாம், ஒட்டவைத்துத் துளையிடலாம். எல்லாம் செலவு. ஓடும் வழியில் திருகு கழன்று எண்ணெய் வடிந்துபோனால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்; சில ரூபாய் வளையத்துக்காக எஞ்சினையே இழக்க நேரும். பின்சக்கரத்தில் எண்ணெய் பட்டு வண்டி சறுக்குவது இன்னும் பெரிய ஆபத்து.

சிறு எஞ்சின்கள் பலவற்றுக்கு விதித்த இறுக்கம் சுமார் இரண்டரை கிலோகிராம்-மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. புதிய வளையத்துக்கு அது போதும். ஸ்பானரோடு இரும்புக் குழாயைச் சொருகி ஏறி நிற்பவரைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுதல் நலம்.

எல்லா வண்டிக்கும் உலோக வளையந்தான் என்றும் கொள்ளற்க. டேனிஷ் மரபினரான நீல்ஸ் கிறிஸ்டென்சன் அமெரிக்காவில் 1937-இல் விண்ணப்பித்து 1939-இல் உரிமை பெற்ற ரப்பர் வளையம் இன்று பல எஞ்சின்களில் இடம்பெற்றுள்ளது. ஆனால் ரப்பரும் சூட்டில் நாளடைவில் விறைத்துப்போகும். அதனையும் மாற்றவே வேண்டும்.

ஹைதராபாத்தில் வாழும் நம்மவர் எண்ணெய் மாற்றப் போகும்பொழுது, உருது பேசும் மெக்கானிக்கிடம் ‘நயா வாஷர்’ என்றும், தெலுங்கு பேசுபவரிடம் ‘கொத்த வாஷர்’ என்றும் கேட்டால் போதுமானது. ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்க. பழைய வளையம் சில வேளை திருகோடு வராமல் எஞ்சின் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனைக் காணாது மேலே புதியதை இட்டால் இரண்டு வளையங்களாகிக் கசிவு நீடிக்கும். திருகைப் பூட்டுமுன் கூட்டின் அடியை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுக.