உளியும் தூரிகையும்: சீன ஓவியர் சீ பாய்ஷி

சீன நாட்டில் ஓவியம் தீட்டுவோரைப் பழங்காலந்தொட்டே இரு நிலையினராகப் பிரித்துக் கண்டனர். ஒரு சாரார் கற்றோர். கவிதை, எழுத்துக்கலை, ஓவியம் ஆகிய மூன்றையும் ஒரே தூரிகையால் பயின்ற அரசு அலுவலரும் நிலக்கிழாருமாவர். ஓவியத்தை விலைக்கு விற்பது இழிவென்று அவர்கள் கருதினர். கருதாதவரும் கருதுவதாகக் காட்டிக்கொண்டனர். மற்றொரு சாரார் கைவினைஞர். கோயிற் சுவருக்கும் வீட்டுக் கதவுக்கும் கூலிக்கு வண்ணம் தீட்டியோர். முன்னவர் பெயர் நூல்களில் நின்றது. பின்னவர் பெயர் அவர்தம் வேலையோடு மறைந்தது. இவ்விரு சாராருக்கும் நடுவே நின்ற மதிலை ஏறிக் கடந்தவர் மிகச் சிலரே. அங்ஙனம் கடந்த பிறகும் தாம் எப்பக்கத்திலிருந்து வந்தவர் என்பதை மறைக்காமல், அதனைக் கல்லிலே வெட்டித் தம் ஓவியத்தின்மீது முத்திரையாகவும் பதித்தவர் சீ பாய்ஷி.

ஹூனான் மாநிலத்துச் சியாங்தான் வட்டத்தில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் 1864ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் அவர் பிறந்தார். நோஞ்சான் குழந்தை. குளிர்காலத்தில் கணப்பின் அருகே பேரனை மடியில் இருத்திக்கொண்டு, நெருப்பு இடுக்கியால் சாம்பலில் கோடிட்டுச் சீன எழுத்துகளைக் கற்பித்தவர் அவருடைய பாட்டனார். அவர் அறிந்த எழுத்துகள் சில நூறுதாம். அவை விரைவிலேயே தீர்ந்து போயின. பின்னர்த் தாய்வழிப் பாட்டனார் நடத்திய ஊர்த் திண்ணைப் பள்ளிக்குச் சிறுவன் அனுப்பப்பட்டான். அங்கு எழுத்துப் பயிற்சித் தாளைக் கிழித்து மீன் பிடிக்கும் கிழவரை வரைந்தான். தாள் வீணாகிறதென்று வசையும் பெற்றான். அப்பள்ளி வாழ்வும் ஓராண்டு நிறையவில்லை. விளைச்சல் பொய்த்தது, வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. பாய்ஷி பெற்ற பள்ளிக்கல்வி அவ்வளவே.

பிறகு மாடு மேய்த்தார், விறகு பொறுக்கினார். புத்தகத்தை மாட்டின் கொம்பில் தொங்கவிட்டுச் சென்று, மேயும் நேரத்தில் படித்தார். அந்தி சாயும் வேளையில் பேரன் திரும்புவதை அறிய வேண்டி, பாட்டியார் அவர் கழுத்தில் ஒரு சிறு மணியைக் கட்டிவிட்டார். மணியோசை கேட்ட பின்னரே அடுப்பில் சோறு வைப்பாராம். முதுமையில் பாய்ஷி தம் வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோது, பெற்ற பட்டங்களைக் காட்டிலும் இந்த மணியைப் பற்றித்தான் உருக்கமாகச் சொன்னார்.

ஏர் பிடிக்க உடலில் வலுவில்லை. ஆகவே 1877இல் தச்சுத் தொழில் பழக விடப்பட்டார். முதல் ஆசான், கனத்த உத்தரத்தைத் தூக்க இயலாத பையனால் பயனில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த ஆசானுடன் ஒருநாள் வயல் வரப்பில் வரும்போது ஒரு நிகழ்ச்சி நடந்தது. எதிரே கருவிப் பையுடன் மூவர் வந்தனர். அவர்களும் தச்சரே. எனினும் பாய்ஷியின் ஆசான் ஒதுங்கி, கைகட்டி நின்று வழிவிட்டார். காரணம் வினவிய மாணவனுக்குக் கிடைத்த விடை இது: நாம் வீடு கட்டும் பருவேலைத் தச்சர், அவர்கள் பூவும் உருவும் செதுக்கும் நுண்வேலைத் தச்சர், நாம் அவர்களோடு சமமாக நிற்கலாகாது. தொழிலாளருக்குள்ளும் மேல்கீழ் உண்டென்பதைச் சிறுவன் அன்று கண்டான். மனம் பொறுக்கவில்லை. 1878இல் சௌ சிமெய் என்னும் செதுக்குத் தச்சரிடம் சென்று சேர்ந்தார். அவ்வாசான் தம் கைத்திறன் முழுவதையும் ஒளிக்காமல் கற்பித்தார். கட்டில், பெட்டி, மணமகள் பல்லக்கு முதலியவற்றில் உருவங்கள் செதுக்கி, 'தச்சன் சி' என்று சுற்றுவட்டாரத்தில் பாய்ஷி பெயர் பெற்றார்.

1882 வாக்கில், வேலைக்குச் சென்ற ஒரு வீட்டில் பழைய அச்சு நூலொன்று கண்ணில் பட்டது. 1679இல் முதலில் வெளிவந்த 'கடுகு விதைத் தோட்ட ஓவிய நூல்' அது. மலையை எங்ஙனம் அடுக்குவது, மூங்கில் இலையை எங்ஙனம் இழுப்பது என்று படிப்படியாகக் காட்டும் பாடநூல். கிடைத்த படியில் ஒரு பகுதி இல்லை. எனினும் என்ன! அதனை இரவல் வாங்கி, பகலில் வேலையும் இரவில் விளக்கொளியில் படியெடுப்புமாக ஏறத்தாழ அரையாண்டு உழைத்து முழுவதையும் வரைந்து முடித்தார். அதுவரை தாம் செதுக்கிய உருவங்களில் தலை பெருத்தும் உடல் சிறுத்தும் இருந்ததை அந்நூலைப் படியெடுத்தபோதுதான் உணர்ந்தார். ஒரு பாடநூலால் இதைவிட என்ன செய்ய முடியும்?

1889இல் வட்டாரத்துக் கற்றறிந்த செல்வர் ஹூ சின்யுவான் இத்தச்சரை அழைத்து, தம்மிடம் பயில விருப்பமா என்று கேட்டார். பாய்ஷிக்கு அப்பொழுது 25 வயது நிறைந்துவிட்டது. மனைவி மக்கள் உண்டு. வயது கடந்ததே என்று தயங்கினார். சோங் காலத்துப் புலவர் சூ சுன் இருபத்தேழாம் வயதில்தானே கல்வியில் முனைந்தார் என்று ஹூ எடுத்துக்காட்டினார். குடும்பத்துக்கு வருவாய் என் செய்வது என்ற அச்சத்துக்கோ, ஓவியத்தை விற்றே குடும்பத்தைக் காக்கலாம் என்று விடை பகர்ந்தார். கற்றோர் குலத்தவர் ஒருவர் வாயிலிருந்து இச்சொல் வந்தது வியப்புக்குரியது. அருகிலிருந்த பாய்ஷிப்பு என்ற சாவடியின் பெயரிலிருந்து 'பாய்ஷி', அதாவது 'வெண்கல்', என்னும் புனைபெயர் இவ்வாசிரியர் வீட்டிலேயே சூட்டப்பட்டது. கவிதையும் அங்கேதான் கற்றார். 1899இல் பெரும்புலவர் வாங் கைய்யுனும் அவரை மாணவராக ஏற்றார். அப்புலவரிடம் கொல்லர் ஒருவரும் கன்னார் ஒருவரும் முன்னரே பயின்றனர்; தச்சரும் சேரவே, 'வாங் வீட்டு மூன்று கைவினைஞர்' என்று ஊரார் கூறலாயினர்.

முத்திரை வெட்டக் கற்ற கதை வேறு. சாங்ஷாவிலிருந்து வந்திருந்த முத்திரைக் கலைஞர் ஒருவரிடம் தம் பெயரை வெட்டித் தருமாறு ஒரு கல்லைக் கொடுத்தார். கல்லின் முகம் சமமாக இல்லை, தேய்த்து வா என்று அவர் திருப்பித் தந்தார். தேய்த்துக் கொடுத்தும் மீண்டும் அதே சொல். தம்மை அவர் மதிக்கவில்லை என்பது விளங்கியது. கல்லைத் திரும்பப் பெற்று, அன்றிரவே கால்நகம் சீவும் கத்தியால் தாமே வெட்டிக்கொண்டார். பின்னர் நண்பர் ஒருவரின் அறிவுரைப்படி, கல்லில் வெட்டுவதும் தேய்த்து அழிப்பதும் மறுபடி வெட்டுவதுமாகப் பயின்றார், அறையெங்கும் கற்சேறு. பிறர் ஒரு கோட்டின் இரு கரையையும் தனித்தனியே வெட்டித் திருத்துவர். பாய்ஷியோ ஒரே வெட்டில் ஒரு கோட்டை முடிப்பார்; கோட்டின் ஒரு கரை வழவழப்பாகவும் மறுகரை சிதறியும் நிற்கும். மரம் செதுக்கிய கை அது என்பது பார்த்த அளவிலேயே தெரியும்.

1902 முதல் 1909 வரை சீயான், பீக்கிங், குவெய்லின், குவாங்சௌ, ஷாங்ஹாய் எனப் பல இடங்களுக்கு ஐந்து பயணங்கள் சென்று மீண்டார். அதன்பின் ஊரிலேயே அமைதியாக வாழ்ந்து முடிக்க எண்ணினார். நாட்டு நிலை விடவில்லை. போர்வீரரும் கொள்ளையரும் ஹூனானை அலைக்கழித்தமையால் 1917இல் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) சென்றார். 1919இல் அங்கேயே குடியேறினார். முதிய பெற்றோரையும் மனைவியையும் விட்டுச் சென்ற துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1926இல் தாயும் தந்தையும் அடுத்தடுத்து மறைந்தபோது, வழியிலே போர் நடந்தமையால் ஊர் சென்று சேர இயலாமற் போயிற்று.

தலைநகரில் அவர் ஓவியம் விலை போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டுத் துறவி ஓவியர் பாதா ஷான்ரென்னின் வழியில், வெறும் மையால், வண்ணம் இன்றி, குளிர்ந்த தனிமை தோன்ற அவர் தீட்டி வந்தார். ஒரு விசிறிக்கு இரண்டு வெள்ளி கேட்டார். பிறர் கேட்ட விலையில் அது பாதி. அதற்கும் வாங்குவார் அரிதாயினர். அவருடைய திறமையை அறிந்தவர் ஒருவர் இருந்தார். கடைத்தெருவில் பாய்ஷி வெட்டிய முத்திரையைக் கண்டு, 1917இல் அவரைத் தேடிவந்து நட்புக்கொண்ட சென் ஷிசெங் அவர். புகழ்பெற்ற புலவர் மரபினர்; சப்பானில் படித்தவர்; பாய்ஷிக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். பிறர் வழியை விடுத்துச் சொந்த வழி காணுமாறு அவர் வற்புறுத்தினார்.

இதுதான் இவ்வாழ்க்கையின் திருப்பம். அறுபதை நெருங்கிய ஒருவர், முப்பதாண்டு உழைத்துக் கைவரப்பெற்ற நடையை, தம்மினும் இளைய ஒருவரின் சொல் கேட்டுத் துறந்தார். பசியால் இறந்தாலும் சரி, பழைய நடைக்கு மீள்வதில்லை என்று உறுதி பூண்டு ஏறத்தாழப் பத்தாண்டு முயன்றார். ஷாங்ஹாயின் முதுபெரும் ஓவியர் வூ சாங்ஷுவோவின் வலிய கோட்டிலிருந்து கற்றார். ஆயினும் அவர் நிழலில் தங்கவில்லை. இலை கருமையால், மலர் செங்குருதி நிறத்தால் என்ற புது நடை பிறந்தது. ஊர்ப்புறத் திருமணப் பெட்டியின் செந்நிறம் கற்றோரின் மையோடு கூடியது என்று சொன்னால் பொருந்தும். 1922இல் சென் இவ்வோவியங்களைத் தோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டு சென்றார். அனைத்தும் விற்றன, இரண்டடி மலைக்காட்சி ஒன்று 250 வெள்ளிக்குப் போயிற்று. அதன் பின்னரே பீக்கிங் மக்களும் வாங்க முன்வந்தனர். மறு ஆண்டே சென் மறைந்தார். அவரின்றித் தம் முன்னேற்றம் இல்லை என்பதைப் பாய்ஷி இறுதிவரை சொல்லிவந்தார்.

புகழ் வந்தும் ஏளனம் நீங்கவில்லை. தச்சன் படம், நாட்டுப்புறத்தான் கவிதை என்று தலைநகரத்து வல்லுநர் சிலர் நகைத்தனர். பாய்ஷி வாதாடவில்லை. சீனத் தச்சரின் மூலவராகிய லூ பானின் வழிவந்தவன் என்ற பொருள்பட ஒரு முத்திரை வெட்டினார். 'மரத்து ஆள்' என்று மற்றொன்று. அவற்றை ஓவியங்களில் பதித்தே விற்றார். அவருடைய படங்களுள் மிகுதியாக இகழப்பட்டவை மலைக்காட்சிகளே. 1925இல் தீட்டிய பன்னிரண்டு மலைக்காட்சிகளின் தொகுதி 2017இல் பெய்ஜிங் ஏலத்தில் 93 கோடியே 15 இலட்சம் யுவானுக்குப் போயிற்று என்பதை இங்குக் குறிக்கலாம். விலை கலையின் அளவுகோல் அன்று. இகழ்ந்தவர் சொல்லும் அளவுகோல் அன்று.

1927இல் பீக்கிங் கலைக்கல்லூரிக்கு அதன் தலைவர் லின் ஃபெங்மியான் அவரை ஆசிரியராக அழைத்தார். ஓராண்டும் பள்ளியில் படியாதவர் கல்லூரியில் கற்பிப்பதா என்று நடுங்கியே சென்றார். பின்னர் அப்பொறுப்பில் அமர்ந்த சூ பெய்ஹோங்கும் அவரை வற்புறுத்தி அழைத்தார். பாரிசில் பயின்ற இந்தச் சூ, 1939 முதல் 1941 வரை சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய இடங்களில் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்துச் சீனப் போர் நிவாரணத்துக்கு நிதி திரட்டியவர். நம் நாட்டினர்க்குப் புதியவர் அல்லர். மாணவரிடம் பாய்ஷி விரும்பியது ஒன்றே: தம் உள்ளத்தைக் கற்க வேண்டும், தம் கையைப் படியெடுக்கலாகாது.

அவருடைய கை என்ன செய்தது என்பதை இறாலில் காணலாம். வீட்டில் ஒரு கிண்ணத்தில் இறால்களை வளர்த்து, தூரிகை முனையால் சீண்டி, அவை துள்ளுவதை நோக்குவார். தொடக்கத்தில் உள்ள கால்களையெல்லாம் வரைந்தார். ஆண்டுகள் செல்லச் செல்லக் கால்கள் எட்டாயின, ஆறாயின, ஐந்தாயின. கால் குறையக் குறைய இறால் உயிர் பெற்றது. வெளிறிய தலைக்குள் ஒரு கருமைத் தீற்றல். உடனே ஓடு கண்ணாடிபோலத் தெளிந்தது. தண்ணீர் என்று ஒரு கோடும் இல்லை. ஆயினும் அவை நீந்துகின்றன. அப்படியே உரித்து வைத்தாற்போன்ற படம் உலகை மயக்குவது, சற்றும் ஒவ்வாத படம் உலகை ஏமாற்றுவது, இரண்டுக்கும் இடையில்தான் கலை உள்ளது என்பது அவர் கருத்து. கற்றோர் மரபு விரும்பிய மலர்களோடு முட்டைக்கோசு, மிளகாய், களைக்கொத்து, எலி, விளக்கு ஆகியவையும் அவர் தாளில் இடம் பெற்றன. பியோனியை மலர்க்கு அரசன் என்கின்றனரே, முட்டைக்கோசைக் காய்கறிக்கு அரசன் என்று ஏன் சொல்லவில்லை என்று ஒரு படத்தில் முறையிட்டே எழுதினார்.

1937இல் பீக்கிங் சப்பானியர் கைப்பட்டது. பாய்ஷி கல்லூரி வேலைகளைத் துறந்து கதவடைத்தார். சோதிடர் ஒருவர் அவ்வாண்டைக் கண்டம் என்று கூறியிருந்தமையால் எழுபத்தைந்தாம் வயதை எழுபத்தேழு என மாற்றிக்கொண்டதும் அப்பொழுதுதான். அதனால் பிற்காலப் படங்களில் அவர் எழுதிய வயதை அப்படியே கொள்ளலாகாது. அரசு அலுவலர்க்கு ஓவியம் விற்பதில்லை, அவர்கள் வருகை வீட்டுக்கு நன்றன்று என்று 1940இல் வாயிலில் அறிவிப்பு ஒட்டினார். பக்கவாட்டில் நடக்கும் நண்டைத் தீட்டி, இந்த முறைகேடான நடை எத்தனை நாளைக்கு என்று கேட்டு எழுதினார். 1944இல் கலைக்கல்லூரி ஆசிரியருக்குரிய நிலக்கரிப் பங்கைப் பெற்றுக்கொள்ளுமாறு கடிதம் வந்தது. பீக்கிங் குளிரில் நிலக்கரி எளிய பொருளன்று. தாம் இப்போது அங்கு ஆசிரியர் அல்லர் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். போர் முடிந்து 1946இல் நான்கிங்கிலும் ஷாங்ஹாயிலும் காட்சி நடத்திக் கட்டுக்கட்டாக நோட்டுகளுடன் திரும்பினார். பணவீக்கத்தால் அவை பத்து மூட்டை மாவுக்கும் போதவில்லை.

1953இல் புதிய அரசு 'மக்கள் ஓவியர்' என்று பட்டமளித்தது. உலக அமைதி மன்றத்தின் 1955ஆம் ஆண்டுப் பரிசும் கிடைத்தது. அக்காலத்தில் அவரை உழைப்பாளர் குலத்து ஓவியர் என்றே போற்றினர். முன்னர்த் தச்சன் என்று இகழ்ந்தோரும் பின்னர்த் தச்சர் என்று புகழ்ந்தோரும் ஒரே பிழையைச் செய்தனர் எனலாம். ஹூ சின்யுவானின் வீட்டுக் கவிதைப் பாடமும், பாதா ஷான்ரென்னின் வெற்றிடமும் இன்றி அந்த இறால் இல்லை. 1951இல் எழுத்தாளர் லாவ் ஷெ, மலையருவியிலிருந்து தொலைதூரம் கேட்கும் தவளை ஒலி என்பதைப் பொருளாகத் தந்து படம் கேட்டார். ஒலியை வரைவது எங்ஙனம்? முதியவர் நாள்கணக்கில் சிந்தித்தார். பாறைகளுக்கிடையே பாயும் நீர். அதில் சில தலைப்பிரட்டைகள். தவளையே இல்லை. இவ்விடை கவிதை கற்றவனுக்கே தோன்றும்; அந்நீரின் கோட்டை இழுக்க உளி பிடித்த கையும் வேண்டும்.

கண் மங்குமுன் தேனீ, வெட்டுக்கிளி, தும்பி முதலியவற்றை மயிரிழைக் கோட்டால் முன்கூட்டியே தாள்களில் தீட்டி வைத்துவிடுவது அவர் வழக்கம். இலையும் மலரும் பெருந்தூரிகை வேலை. அவற்றைப் பிறகு வேண்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். 1957ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், தம் 93ஆம் வயதில், பெய்ஜிங்கில் அவர் மறைந்தார். சேர்த்து முடிக்காத தாள்கள் பல எஞ்சின. அவை இன்று பெய்ஜிங் ஓவியக் கழகத்தில் உள்ளன: ஓரத்தில் ஒரு பூச்சி, மற்ற இடமெல்லாம் வெள்ளைத் தாள்.