நாட்டு வைத்தியமும் நம் கடமையும்

நாட்டு வைத்தியம் என்றதும் ஒரு சாரார் கைகூப்பித் தொழுவர். மற்றொரு சாரார் எள்ளி நகைப்பர். சரித்திரமோ வேறு வழி காட்டுகின்றது.

ரந்தாவ் முதலிய நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் முன்னோர் ரப்பர் நட்ட காலத்தில், மலேரியாவுக்கு மருந்தாய் நின்றது கொயினா. அது தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனாப் பட்டையின் சாரம். 1820-இல் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் பிரித்தெடுத்தது. பின்னர், சீனத்துப் பழைய வைத்திய நூலொன்றை ஆராய்ந்த தூ யூயூ அம்மையாரின் குழுவினர், நம் மரிக்கொழுந்துக்கு இனமான செடியொன்றிலிருந்து 1972-இல் மலேரியா மருந்தைப் பிரித்தனர். 2015-இல் அம்மையார் நோபல் பரிசு பெற்றார். பழைய அறிவு சோதனைக்கு உட்பட்டபின் உலகுக்கே பயன்பட்டது.

நம் சித்த வைத்தியமோ, தந்தை மகனுக்கும் முழுதும் சொல்லாத இரகசியத்தால் தேய்ந்தது. 1921-இல் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றுடன் சித்தத்தையும் ஆராய்ந்து 1923-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாய்ச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி எழுந்தது; வீட்டுப் பரணிலிருந்த சுவடி வகுப்பறைப் பாடமாயிற்று. மலேசியாவிலும், 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பாரம்பரிய இந்திய மருத்துவத்தை ஏற்று, வைத்தியர் பதிவுக்கு வழி செய்தது. இம்மாநிலத்துப் பூர்வகுடிகளாகிய தெமுவான் மக்களின் மூலிகை அறிவுக்கும் இத்தகைய மதிப்பும் ஆராய்ச்சியும் வேண்டும்.

ஆகவே தோழர்களே, பாட்டிமார் அறிந்த பச்சிலைகளை எழுதி வையுங்கள். மந்திரித்தலையும் தாயத்தையும் அவற்றோடு சேர்க்காதீர்கள். இரசமும் பாஷாணமும் கலந்த மருந்தைக் கண்டவரிடம் வாங்கி உண்ணாதீர்கள். கடுங்காய்ச்சல் கண்ட குழந்தையை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.