இன்டார்சியாவும் சூட்டுக்கோல் ஓவியமும்

வெவ்வேறு நிற மரங்களைத் துண்டு துண்டாக அறுத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தி உருவம் அமைக்கும் கலை இன்டார்சியா. சூடான முனையால் மரப்பரப்பைக் கருக்கிக் கோடும் நிழலும் இடுவது சூட்டுக்கோல் ஓவியம். பைரோகிராஃபி என்றும் வழங்கும். சுவரில் மாட்டும் அலங்காரப் பலகைகளில் இன்று இவ்விரண்டும் அடிக்கடி சேர்ந்து வருகின்றன. இதை அண்மைக்காலப் புதுமையாகக் கருதுவது சரியன்று. இன்டார்சியா உச்சத்தில் இருந்த காலத்திலேயே நிழல் போடுவதற்கு நெருப்பை நாடினார்கள்.

அந்த உச்சம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நிகழ்ந்தது. உர்பினோவின் ஆட்சியாளர் ஃபெதெரிகோ தா மான்தெஃபெல்ட்ரோவுக்காகக் குப்பியோ அரண்மனையில் அமைந்த சிறு படிப்பறை அதற்குச் சிறந்த சான்று. பாதி திறந்த அலமாரிக் கதவுகள், அடுக்கிய நூல்கள், இசைக்கருவிகள் எல்லாம் நிசமாக இருப்பதுபோல் சுவரில் தெரியும். அத்தனையும் தட்டையான மரத்துண்டுகள். பிளாரன்சில் இருந்த ஜுலியானோ தா மையானோவின் பட்டறையில் 1478க்கும் 1482க்கும் இடையில் உருவான அந்த அறை, 1939 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்காலத்து மர ஓவியர்கள் நிறத்துக்காக எதையும் விட்டுவைக்கவில்லை. ஒருவகைப் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிப்போன மரத்தைக்கூடத் தேடி எடுத்து இலைக்கும் நிலத்துக்கும் பயன்படுத்தினார்கள். வெரோனாவைச் சேர்ந்த ஜொவான்னி என்ற துறவி மரத்தைச் சாயத்தில் கொதிக்கவைத்து நிறம் ஏற்றினார்.

நிழலுக்கு வழி வேறு. கலைஞர்களின் வரலாற்றை எழுதிய ஜார்ஜோ வசாரி, 1550இல் வெளிவந்த தம் நூலில், துண்டின் ஒரு பக்கத்தை நெருப்பில் வாட்டி நிழல் வரவழைக்கும் முறையைக் குறிப்பிடுகிறார். கந்தக எண்ணெயும் பாதரச, ஆர்செனிக் நீர்மங்களும்கூட இதற்குப் பயன்பட்டன என்கிறார். அவற்றோடு ஒப்பிட்டால் நெருப்பு எவ்வளவோ சாது. மெல்லிய மரத்தகடுகளால் படம் அமைப்பவர்கள் இன்றும் சூட்டு மணலையே நம்புகிறார்கள். வாணலியில் நுண்மணலைச் சூடேற்றி, தகட்டின் ஓரத்தைச் சில நொடிகள் செருகி எடுப்பார்கள். அடியில் மணல் அதிகம் சுடும், மேலே குறையும். அதனால் கருமை ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கரைந்து மரத்தின் இயல்பு நிறத்தில் முடியும். தூரிகையால் இத்தனை மென்மையாக நிழல் போடுவது கடினம்.

சூட்டுக்கோல் ஓவியம் தனிக் கலையாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில். அடுப்பில் காய்ச்சிய இரும்புக் கோலால் முழு ஓவியங்களையே தீட்டியவர்களில் அமெரிக்காவில் வாழ்ந்த சிற்பி ராபர்ட் பால் ஹியூஸ் குறிப்பிடத்தக்கவர். கோல் ஆற ஆறக் கோடு வெளுக்கும் என்பதே அன்றைய பெருந்தொல்லை. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள, நிக்ரோம் கம்பி முனை கொண்ட மின்பேனா அதைத் தீர்த்துவிட்டது.

இன்றைய இன்டார்சியா பழைய இத்தாலிய வேலையைப் போல் தட்டையானதன்று. ஏறத்தாழ 2 செ.மீ. கனமுள்ள துண்டுகளை ஸ்க்ரோல் வாளில் அறுத்து, ஒவ்வொன்றின் விளிம்பையும் உருட்டி, சிலவற்றைத் தூக்கியும் சிலவற்றைத் தாழ்த்தியும் பின்பலகையில் ஒட்டுவார்கள்; உருவம் புடைத்து நிற்கும். 1980களிலிருந்து இதைப் பலருக்கும் கொண்டுசேர்த்தவர் அமெரிக்காவின் ஜூடி கேல் ராபர்ட்ஸ். நம் பக்கத்து மைசூர் ஈட்டிமர வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பலகையைக் குழித்து உள்ளே துண்டுகளைப் பதிப்பார்கள். இங்கே துண்டுகளே படம்.

இரண்டு கலைகளும் கூடும்போது எது எதைச் செய்ய வேண்டும் என்பதில்தான் பலகையின் தரம் இருக்கிறது. ஓர் ஆந்தையை எடுத்துக்கொள்வோம். உடலின் பழுப்பும் மார்பின் வெண்மையும் மரத்தின் நிறத்திலிருந்தே வர வேண்டும். சிறகு செல்லும் திசையை மரத்தின் ரேகையே காட்ட வேண்டும். அறுத்துப் பொருத்த முடியாத அளவுக்கு நுணுகியவை மட்டுமே பேனாவுக்கு உரியவை: இறகின் மயிரிழைக் கோடுகள், கண்ணைச் சுற்றிய வளையம், ஒரு சிறகிலிருந்து மற்றொன்றின்மேல் விழும் நிழல். ஒவ்வொரு துண்டையும் சுற்றிக் கருங்கோடு போடுவது பரவலான பழக்கம். அது வேலையைக் கெடுக்கிறது. இரு மரங்கள் சந்திக்கும் இணைப்பே போதுமான கோடு. நல்ல ரேகையுள்ள வால்நட் துண்டின்மேல் கோடுகளை நிரப்புவது அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்த உழைப்பையே வீணாக்கும்.

இன்டார்சியாவுக்குப் பலரும் விரும்பும் சிவப்பு சீடர் மரம் சூட்டுக்கோலுக்கு எளிதில் இணங்காது. அதன் மென்மையான வெளிர்ப் பகுதி சட்டென்று கருகும், கடினமான ரேகை எதிர்த்து நிற்கும், முனை துள்ளும். கோடு நுணுக்கமாக வேண்டிய இடத்துக்கு பாஸ்வுட், பிர்ச், மேப்பிள் போன்ற வெளிர்நிற, நெருக்கமான இழையுள்ள மரங்களே ஏற்றவை.

வரிசை மாறக் கூடாது. அறுத்து, உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்த்த பிறகே சுட வேண்டும். சுட்டபின் தேய்த்தால் கோடு போய்விடும். ஒட்டாமல் ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்த்து, நிழல் அடுத்த துண்டுக்கு எங்கே தொடர வேண்டும் என்று பார்த்துக்கொண்ட பின் ஒவ்வொன்றாகச் சுடுவது நல்லது. வார்னிஷ் பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. பூச்சுள்ள மரத்தையோ, பிளைவுட், எம்.டி.எஃப். போன்ற பசை கலந்த பலகைகளையோ சுட்டால் நச்சுப்புகை எழும். தூய மரத்தின் புகையும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் காற்றோட்டம் கட்டாயம்.

முடிந்த பலகைக்கு வெயில் பகை. பர்ப்பிள்ஹார்ட்டின் ஊதாவும் படாக்கின் செம்மையும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பழுப்பாகின்றன. லேசாக வாட்டிய நிழலும் வெளுக்கும். ஆழமாகச் சுட்ட கோடு மரத்தில் பள்ளமாகவே பதிவதால், நிறம் மங்கினாலும் வடிவத்தைக் காப்பாற்றும். முக்கியமான கோடுகளை அழுத்திச் சுடுவது இதனால்தான்.